கன்னத்துப் பூச்சு

ரங்கூனில் குண்டு விழுந்ததும் கப்பலேறி மதராசில் இறங்கி, கடலோரத்து முதுநகருக்கு வந்து சேர்ந்த அமிர்தத்துக்கு மல்லாட்டைக் கிடங்கில் வேலை கிடைத்தது. தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்க வேர்க்கடலையிலிருந்து சொத்தைப் பருப்பைப் பொறுக்க வேண்டும். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே முறத்தில் பொறுக்குவது அங்கே வழக்கம். ஒற்றையாகப் பொறுக்குகிறவளுக்குக் கூலி தேறாது. அவளுக்கு ஜோடி ராசம்மாள்.

பர்மாவில் பெண்கள் வெக்கைக்காகத் தனாக்கா என்ற கட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் வட்டமாகப் பூசுவார்கள். அமிர்தமும் அப்படியே பூசிக்கொண்டு வருவாள். அதுதான் வினையாயிற்று.

அந்தப் பங்குனியில் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களில் ஜப்பான் ஆட்கள் கலந்திருக்கிறார்கள் என்று பேச்சு. ராசம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். கன்னத்து வட்டம் ஏரோப்ளேனுக்கு அடையாளமாமே என்று மேஸ்திரி சுப்பராயலு கேட்டார். கூரைக்குக் கீழே இருப்பவளின் கன்னம் ஆகாயத்துக்கு எப்படித் தெரியும் என்று அமிர்தம் திருப்பிக் கேட்டாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்றார்கள். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தப்பில்லையென்றால் ஏன் கழுவினாள் என்றார்கள். வாசலோரம், வெயில் விழும் இடத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அதற்குள் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. முதலாளி வீட்டார் சிதம்பரத்துக்கு வண்டி கட்டினார்கள். மறுநாள் காலையில் கிடங்குப் பெண்கள் அத்தனை பேரும் அமிர்தத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்தச் சந்தனத்த எங்களுக்கும் கொஞ்சம் பூசி வுடு," என்றாள் ராசம்மாள். "பூசினவங்கள ஜப்பான்காரன் ஒண்ணும் பண்ண மாட்டானாமே."

"அக்கா, இது வெயிலுக்கு. வெயிலுக்கு மட்டுந்தான். ரங்கூன் ரோட்டுல செத்துக் கெடந்த பொம்பளைங்க கன்னத்துலயும் இது இருந்திச்சு."

ராசம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"குடுக்க மனசில்லேன்னா நேராவே சொல்லிடேன்."

மேஸ்திரி அமிர்தத்தைத் தனியே அழைத்துக் குழைந்தார். பூசிவிட்டால் வேலையும் நிற்காது, ஜோடியும் உண்டு என்றார். உண்மையை இன்னொரு தடவை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டையைக் கொண்டுவந்து இழைத்தாள். கன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. கடைசியில் மேஸ்திரி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பொம்பளைங்களுக்கு வட்டம். ஆம்பளைக்கு எப்புடிம்மா?"

"சதுரம் மாமா," என்றாள் அமிர்தம்.

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கையைக் கழுவிவிட்டு வந்தபோது ராசம்மாள் முறத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு பிடி பருப்பை அள்ளிப் போட்டுவிட்டு, இடது கன்னத்தில் பூச்சு கொஞ்சம் மெலிசாக இருக்கிறதென்று குறைசொல்ல ஆரம்பித்தாள்.