மஞ்சளா, சிவப்பா

வெளியுறவுத் துறையில் அவளுடைய வேலை பக்கத்து நாடு ஒன்றைக் கவனிப்பது. அங்கே ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கொன்று தீர்க்கும் அபாயம் எவ்வளவு என்று தினமும் காலையில் இயக்குநரிடம் சொல்ல வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் முதலில் அங்குள்ள நம் தூதரகத்தை மூடுவார்கள். காப்பாற்றப் படை அனுப்புவதா என்பதை அதற்குப் பிறகுதான் அமைச்சரவை பேசும். இந்த வரிசையை வகுத்தவர்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இருந்தார். தங்கையின் கணவர். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார் என்பதால் வீட்டில் இன்னும் ‘புது மாப்பிள்ளை’தான். பிறந்த ஊர் அங்கே. தாயை அழைத்துவரப் போயிருந்தார். அந்த அம்மாவுக்கு அன்று மாலை அந்தத் தூதரகத்தில் விசா கிடைப்பதாக இருந்தது.

அன்று காலை வந்த தகவல் மோசம். மாப்பிள்ளையின் கூட்டத்தைச் சேர்ந்த போலீஸ்காரர்களிடம் மட்டும் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் ராணுவம் நின்றது.

இயக்குநர் கதவைச் சாத்தினார். “மஞ்சளா, சிவப்பா?”

“சிவப்பு சார்.”

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்?”

“ஆமா சார்.”

“இன்னைக்கு மஞ்சள்னு சொல்லுங்கம்மா. நாளைக்குச் சிவப்பு. யாரும் கேக்கப் போறதில்ல.”

இன்று விட்டால் அமைச்சரவை அடுத்த வாரம்தான் கூடும். அதற்குள் அங்கே காப்பாற்ற யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

“சிவப்புதான் சார்.”

மதியமே தூதரகத்தை மூடினார்கள். படை விஷயத்தை மேலும் பரிசீலிக்கலாம் என்று ஒத்திவைத்துவிட்டு அமைச்சர்கள் சாப்பிடப் போனார்கள்.

“பாதி நடந்துச்சேம்மா,” என்றார் இயக்குநர். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை மாமியாருக்காக ஒழித்த அறையில் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வாக்கா, அந்தப் பக்கம் புடி. ஜன்னலோரம் போட்டுடலாம். அத்தை வந்ததும் குறை சொல்ல ஒண்ணும் இருக்கக் கூடாது. பாவம், குறை தேடியே களைச்சுப் போகட்டும்.”

அக்கா வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

“தூதரகத்தைப் பூட்டிட்டாங்கம்மா. விசா இல்ல. உன் அக்காகிட்ட கேளேன், அவங்க ஆபீஸ்ல ஏதாவது பண்ண முடியுமான்னு.”

“நான்தான் தம்பி பூட்ட வச்சேன்,” என்றாள் அக்கா. “ஆபத்துன்னு நான்தான் சொன்னேன்.”

தங்கையின் கை கட்டிலை விட்டது.

போனில் அவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப படை வருதுல்ல அண்ணி? இங்க எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க.”

ஆமாம் என்றால் வீட்டுக்குள்ளேயே காத்திருப்பார்.

“வரல தம்பி. யாரும் வரப் போறதில்ல. எல்லை ஆத்தைத் தாண்டிப் போற ஜனங்களோட சேர்ந்து இப்பவே கிளம்புங்க.”

“அம்மாவால நடக்க முடியாதே.”

“அப்ப நீங்க மட்டுமாவது…”

தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அவ சொல்றதைக் கேக்காதீங்க. அத்தையை முதுகுல தூக்கிக்குங்க. தூக்கிட்டு நடங்க. கேக்குதா?”

“கேக்குது,” என்றார். தாயிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா மறுப்பது கேட்டது.

தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.