எதிர்த் திருகு

"கத்தணும்னா கத்திக்கோங்க. நான் நிறுத்தப் போறதில்ல," என்று சொல்லி அவள் ஸ்பேனரை நட்டில் பொருத்தினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உன் கை எவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு தெரியுமா?" என்றான் கணவன். சிரித்த வாயை மூடுவதற்குள் அலறல் வந்துவிட்டது.

அவன் லிப்ட் மெக்கானிக். இழுவைக் கம்பி அறுந்து லிப்ட் குழிக்குள் விழுந்தவன். உயிர் தப்பியது. ஆனால் முறிந்த எலும்பு கூடியபோது வலது கால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடு ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாமல் அவனுக்குப் பிழைப்பும் கிடையாது. ஆகவே மருத்துவர் எலும்பைக் குறுக்கே வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களைப் பூட்டியிருந்தார். தினமும் அந்த வளையங்களின் நட்டுகளைத் திருகினால், வெட்டிய முனைகள் மயிரிழை மயிரிழையாக விலகும்.

"எலும்பு கட்டுற செல்லுங்க சும்மா விட்டா சோம்பேறியாயிடும்மா," என்று அவர் விளக்கியிருந்தார். "இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் பெருகும், இடைவெளியில புது எலும்பு கட்டும். இழுக்காம விட்டீங்கன்னா, வேலை முடிஞ்சுதுன்னு இருக்கிற இடத்துலயே மூடிடும். அப்புறம் மறுபடியும் வெட்டத்தான் வேணும்."

கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் மூச்சிரைக்க ஏறி வந்தாள். "அண்ணன் அலறுறது தெருமுனை வரைக்கும் கேக்குது. உங்க கை என்ன கருங்கல்லா, அண்ணி?"

அவள் ஸ்பேனரைக் கட்டிலருகே வைத்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குக் கிளம்பினாள்.

அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. "இடைவெளியே காணோமே! எலும்பு மூடிக்கிச்சு. யாரு திருகினது?"

"நான்தான் டாக்டர். ஒரு வேளை கூட விடல."

பொய் சொல்லும் மாணவியைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். கூட வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணன் படுற பாட்டைப் பாத்து விட்டிருப்பாங்க டாக்டர். அண்ணி மனசு வெண்ணெய்." கருங்கல் எப்போது வெண்ணெய் ஆனதோ தெரியவில்லை.

கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குனிந்த தலையே அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. நாத்தனார் வண்டி பிடிக்கப் போனதும் கேட்டாள். "நீங்கதானே?"

"நீ கடைக்குப் போனதும் எதிர்ப்பக்கம் திருகி விட்டுடுவேன்."

"வலி தாங்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"வலி இல்லம்மா. விறைப்பா நிக்கிற எதைப் பாத்தாலும் அறுந்துடும்னு தோணுது. அன்னைக்கு அந்தக் கம்பியும் இப்படித்தான் நின்னுச்சு. கொஞ்சம் தளர்த்திவிட்டாத்தான் மூச்சே வருது."

வந்த கோபத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். "சரி. இதை டாக்டர்கிட்டயும் உங்க தங்கச்சிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

"சொல்றேன்."

சொல்லவில்லை. மறுபடியும் எலும்பை வெட்டிய அன்றும் சொல்லவில்லை, வீடு திரும்பிய பிறகும் சொல்லவில்லை. இப்போது அவள் ஸ்பேனரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவன் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான், அவள் திருகுவாள். இரண்டு முறை வெட்டுப்பட்டதில் தசைகள் இறுகி முட்டி மடங்க மறுத்தது. நீளம் வந்தாலும் ஏணி ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

புதிய எக்ஸ்ரேயில், வெட்டிய இடத்தில் வெண்மையாகப் பனிமூட்டம்போல் ஏதோ படர்ந்திருந்தது. "எலும்பு நல்லா கட்டுது. இன்னும் கொஞ்ச நாள் திருகினா சரியாயிடும்," என்றார் மருத்துவர்.

"முதல்லயே அண்ணி இப்படி ஒழுங்கா திருகியிருந்தா, அண்ணனுக்கு முட்டியாவது மிஞ்சியிருக்கும்," என்றாள் நாத்தனார்.

அவள் கணவனைப் பார்த்தாள். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்காகக் காத்திருந்தாள்.

"விடு," என்றான் அவன் தங்கையிடம், பெருந்தன்மையாக. "அவளும் பாவம், எவ்வளவுதான் தாங்குவா?"

அவள் கைப்பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தாள். நாத்தனாரின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"இனிமே நீ திருகு. அண்ணன் கத்தினாலும் நிறுத்தாத."

"ஐயோ, நானா?" என்று நாத்தனார் பின்வாங்கினாள். அவன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.