ஐந்தாவது பெயர்

ஒலிபெருக்கியில் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டதும், அது நிஜமாகவே கேட்கிறதா என்று மகளிடம்தான் முதலில் கேட்டேன். யாய்ராவுக்கு ஏழு வயது. பல் துலக்கும் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "அப்பாதாம்மா பேசறாரு" என்று சொல்லிவிட்டு, இதென்ன கேள்வி என்று என்னைப் பார்த்தாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மாத்திரை தீர்ந்து பத்தொன்பது நாள். தையல் மிஷின் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ என்னைக் கூப்பிடுவதும், பெடலிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுவதுமாக நான்கு நாள் ஆகியிருந்தது. எந்தக் குரல் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவது என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

செனானுதான் எங்கள் ஊர் தகவல் மையத்தில் அறிவிப்பாளர். பெரிய பெயர்தான், இருப்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக், மூன்று கம்பங்களில் ஊதுகுழல் மாதிரி ஒலிபெருக்கிகள். விடிந்ததும் ஊருக்குச் செய்தி சொல்லிவிடுவார். யார் வீட்டில் சாவு, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, வாக்காளர் அட்டை யார் யாருக்கு வந்திருக்கிறது. எதையும் பெயர் இல்லாமல் சொல்லமாட்டார். ஆடு தொலைந்துபோனால்கூட ஆட்டுக்காரன் பெயர், அவன் அப்பா பெயர், ஆட்டுக்குப் பெயர் இருந்தால் அதுவும். பெயர் சொன்னால்தான் ஜனங்கள் காது கொடுப்பார்கள் என்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நானும் அதைச் சொல்லி அவரை எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர் சொன்னது இது. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து மனநல நர்ஸ் வருகிறார், ஒரு மாதமாக இல்லாத மருந்து வந்துவிட்டது, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே கொடுப்பார்கள், இது எல்லோருக்கும் வரக்கூடிய நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. நர்ஸ் எழுதிக் கொடுத்ததை நிறுத்தி நிதானமாக நன்றாகத்தான் வாசித்தார். அதற்குப் பிறகு தாள் புரளும் சத்தம் கேட்டது. "மொத்தம் அஞ்சு பேரு. பேரை வாசிக்கிறேன், கவனமா கேட்டுக்கங்க" என்றார்.

அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான இந்த ஒன்பது வருடமாக, தையலுக்கு நூலும் லைனிங் துணியும் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறேன். செனானுவுக்குத் தெரியாது. புதிதாக வந்த நர்ஸ் எடெம் இரண்டு வாரம் முன்பு போனில், "அக்கா, இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேணாம், உங்க ஊருக்கே கொண்டாந்து தர்றோம்" என்று சொல்லியிருந்தான். வேண்டாம் தம்பி, எனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றேன். நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான், பாவம். பட்டியலை அவன் சுகாதார நிலையத்து ஆயாவுக்காகத்தான் எழுதியிருப்பான். அவள் அறிவிப்பையும் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து இவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

கூழை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். மார்போடு கட்டிய துணியோடு, செருப்புகூட இல்லாமல். தகவல் மையம் சந்தைக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல் இருக்கிறது. நான் ஒரு கம்பத்தைத் தாண்டினால் அடுத்த கம்பத்திலிருந்து அதே குரல் வருகிறது. முதல் பெயர், சவப்பெட்டி செய்யும் தச்சர் டோட்ஸே. குழாயடியில் யாரோ "அட" என்றார்கள். இரண்டாவது, ரொட்டி விற்கும் கம்ஃபர்ட். நான் அப்போது அவள் கடை வாசலில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டியில் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையில் ஒன்றோடு அப்படியே நின்றாள். எதிரே வாங்க நின்ற மூன்று பெண்களும் அவளைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பயம் எனக்கு.

மூன்றாவது பெயர். நான்காவது பெயர். சந்தைக்கு நடுவில் கால் இடறி முட்டியில் அடி. எழுந்தபோது ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. நின்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை, மைக் திறந்தேதான் இருந்தது. அவர் மூச்சு விடுவது மூன்று கம்பங்களிலிருந்தும் கேட்டது. ஊரே அந்த மூச்சைக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஞ்சாவது... செனானு" என்றார். "அறிவிப்பாளர் செனானு. அதாவது, நான்."

கொட்டகைக்குள் போனபோது நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. அப்பா வீட்டுப் பெயரோடு என் பெயர் எடெமின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. செனானு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எத்தனை வருஷமா?" என்றார்.

"உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியிருந்தே" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். "மத்த நாலு பேரையும் வாசிச்சுட்டேனே, டெலாலி" என்றார். வீட்டுக்கு வரும் வழியில், ஏன் உங்கள் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மொத்தம் ஐந்து பேர் என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே, ஐந்தாவதாக ஏதாவது ஒரு பெயர் வேண்டாமா என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மனிதரோடு ஒன்பது வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

கம்ஃபர்ட்டின் கடையைக் கடக்கும்போது ரொட்டிப் பெட்டி நிறைந்தே இருந்தது. ஒரு கிழவி வாங்கிய ரொட்டியைத் திருப்பித் தந்துகொண்டிருந்தாள். செனானு தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். சந்தையில் எப்போதும் அவரைக் கூப்பிட்டு வம்பளக்கும் மீன்காரிகள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. நேற்று வரை செல்லப்பிள்ளையாக இருந்தவருக்கு ஒரே காலையில் வழி விலகி நின்றார்கள்.

யாய்ராவைப் பள்ளிக்கு அனுப்பினேன். பத்து மணி ஆயிற்று. மருந்து வாங்கப் போகவேண்டும், போகவில்லை. அவரும் போ என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு வாசலில் டாக்சி வந்து நின்றது. அவருடைய அக்கா அக்பேனே இறங்கினார். பின்னால் வெள்ளை அங்கி போட்ட இரண்டு ஆண்கள். ஒருவர் கையில் ஒரு துணிப்பை, கனமாகத் தொங்கியது. கீழே வைத்தபோது உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பத்தொன்பது வயதில் என் அம்மா என்னை ஒரு ஜெபக் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டாள். அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கு வேறு வழி தெரியாது. நாற்பத்தோரு நாள் ஒரு சிமெண்டுத் தூணில் கணுக்காலைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். பொழுது சாயும்வரை பட்டினி. இருந்த இடத்திலேயே எல்லாம். என் பக்கத்துத் தூணில் இருந்த பெண்ணின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை, ஒரு காலையில் அவள் எழவில்லை. அங்கே வந்த ஒரு நர்ஸ்தான் கெஞ்சிக் கூத்தாடி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை தொடங்கி இரண்டாம் மாதம் குரல்கள் ஓய்ந்தன. அதற்கப்புறம் நான் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பில் இருந்தவரைக்கும்.

அக்பேனே அக்கா அழுதுகொண்டேதான் பேசினார். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்தாயே என்றார். மூன்று நாள் உபவாசம், ஏழு நாள் ஜெபம், பிறகு எல்லாம் சரியாகிவிடும், முதல் ஒன்றிரண்டு நாள்தான் கட்டி வைப்பார்கள், அதுவும் உன் நல்லதுக்குத்தான் என்றார். என்னைப் பார்த்து, நீ பயப்படாதே, நான் கூடவே இருப்பேன் என்று ஆறுதல் வேறு சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தம்பி என்றால் அவருக்கு உயிர்.

நான் செனானுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், விளையாட்டாக வாசித்தேன் என்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளவா என்று பை கொண்டுவந்த ஆளிடம் கேட்டார். தேவையில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றார் அந்த ஆள். செனானு குனிந்து செருப்பைக் கழற்றினார். பையின் வாயை அவர்கள் அவிழ்த்தார்கள்.

சொல்லாதே என்றது தையல் மிஷின் பக்கமிருந்து ஒரு குரல். மிஷின் ஓடவில்லை. அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று அவர்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சொல்லாமல் இருந்தால் என் கால் தப்பும். யாய்ரா என்னோடு இருப்பாள். பத்து நாளில் அவர் திரும்பி வந்துவிடுவார், வராமலும் போகலாம். இதையெல்லாம் நான் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அக்கா, அந்தத் தாள்ல இருந்தது என் பேரு" என்றேன்.

அவர் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், கணக்குத் தப்பிப்போனவர்களின் திகைப்புதான் இருந்தது. "நான்தானே உங்க வீட்டுக்கு விசாரிக்க வந்தேன்" என்றார் மெதுவாக. "இந்த வம்சத்துல புத்தி பேதலிச்சவங்க யாராவது உண்டான்னு உங்க மாமாகிட்ட வாய்விட்டுக் கேட்டேன். என் கண்ணைப் பார்த்து இல்லைன்னாரு." எங்கள் பக்கம் பெண் கேட்கும் முன்பு எல்லோரும் கேட்பதுதான் அது. எல்லோரும் சொல்லும் பதில்தான் மாமா சொன்னதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி" என்றார் அக்கா. "அப்ப நீ ஏறு."

அந்த இரண்டு ஆட்களும் செனானுவின் பக்கமிருந்து என் பக்கம் வந்து நின்றார்கள், அவ்வளவு சுலபமாக. ஒருவர் என் காலைப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது செனானு என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒரு மணிக்கு நர்ஸ் கிளம்பிடுவான்" என்றார் அக்காவிடம். "நாங்க போய் மருந்து வாங்கணும்."

யாரும் தடுக்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை. அவர்களுக்கு நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம். அவர் வெறுங்காலோடு இருந்தார், திரும்பிப்போய்ச் செருப்பை எடுக்க இருவருக்கும் தைரியம் இல்லை.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சந்தைத் தெரு முழுக்க நின்று பார்த்தது. தூரத்தில் சுகாதார நிலையத்து முற்றத்தில் எடெம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேசைமேல் ஐந்து வெள்ளைப் பொட்டலங்கள். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே எதிர்ப்புறம் ஒரு கூட்டம், தண்ணீர் பிடிப்பவர்கள் மாதிரியும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரியும் நின்றிருந்தது. இன்னும் இருநூறு அடி நடக்கவேண்டும். செனானு என் கையை விடவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம். திரும்பாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டது. டாக்சி ஹாரன் அடிக்காமல், முந்திச் செல்லாமல், எங்கள் நடை வேகத்திலேயே பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் பின்கதவு திறந்தே இருந்தது.