வீட்டு விஷயம்

அடிப்பதற்கு முன் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவது ரகுராமின் வழக்கம். அன்றும் சாத்தினான். மேஜைமேல், வீட்டை அவன் பேருக்கு மாற்றும் பத்திரம் விரிந்து கிடந்தது. பேனாவைத் திறந்து மனைவி தாரணியின் விரல்களுக்குள் திணித்தான். அவள் அதைக் கீழே வைத்தாள். அந்தக் கையையே பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அப்போதும் விடாமல், தலைமுடியைப் பற்றி அவள் நெற்றியைச் சுவரில் மோதினான்.

"அப்பன் வாங்கிக் குடுத்த வீடுன்னு திமிரு. உன் பேர்ல இருந்தா, நான் யாருடி இங்க? வாடகைக்காரனா?"

அழைப்பு மணி அடித்தது. ரகுராம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். காவலாளி முனிராஜ் நின்றிருந்தார். போர்வெல் மோட்டார் நின்றுவிட்டதாம். ரகுராம் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். மதியத்துக்குள் எல்லா மாடிக்கும் தண்ணீர் ஏறியது.

எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன்தான் உரிமையாளர் சங்கத் தலைவர். பில்டர் பாதியில் விட்டுப்போன லிஃப்டை வக்கீல் வைத்து ஓட வைத்தவன் அவன். ஜெனரேட்டர் வந்தது, பைக் திருட்டு நின்றது, கோடையிலும் தண்ணீர் லாரி தவறாமல் வந்தது. சங்கம் இல்லாத பக்கத்துக் கட்டடத்தில் சாக்கடை படிக்கட்டுவரை ஏறி நின்றதை எல்லோரும் தினமும் பார்த்தார்கள். அதனால் ரகுராமை யாரும் எதுவும் கேட்பதில்லை. சத்தம் கேட்காமல் இல்லை. சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு வீணா அந்த நேரங்களில் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்வாள்.

அன்று தாரணியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் வீணாதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடும்படி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வேலூரிலிருந்து தாரணியின் அப்பா தொலைபேசியில் அழுதார். வந்துவிடு என்று மட்டும் சொல்லவில்லை.

மாவுக்கட்டோடு தாரணி சங்கச் செயலாளர் சாமிநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சங்கம் தண்ணீரையும் லிஃப்டையும் பார்க்கிங்கையும் பார்த்துக்கொள்ளும், நாலு சுவருக்குள் நடப்பது வீட்டு விஷயம், அதில் தலையிட விதி இல்லை என்றார். பிறகு தயங்கி, கீழ் வீட்டிலிருந்து ஒரு புகார் வந்திருப்பதாகச் சொன்னார்.

"அவங்க பையனுக்குப் பரீட்சையாம்மா. கொஞ்சம் சத்தமில்லாமப் பாத்துக்கோங்க."

தாரணி காபியைக் குடிக்காமல் எழுந்தாள். யாரெல்லாம் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று மட்டும் கேட்டாள். பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் என்று சாமிநாதன் பெருமையாகவே சொன்னார். அந்த விதியை எழுதியவர் அவர்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூடியது. இந்த வருடமும் ரகுராமே தலைவராக இருக்கட்டும் என்று சாமிநாதன் முன்மொழிய, எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து தாரணி எழுந்தாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல. வீடு என் பேர்ல இருக்கு. இவர் ஓனரே இல்ல. இவர் எப்படித் தலைவரா இருக்க முடியும்?"

இத்தனை நாளாக அவள் மாவுக்கட்டைப் பார்க்காமல் கடந்து போனவர்கள் எல்லோரும் இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள். ரகுராம் சிரித்துக்கொண்டே அவளருகே வந்து, மேலே போய்விடும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் நகரவில்லை.

"இந்தக் கையை ஒடச்சதும் இவர்தான். அதையும் மினிட்ஸ்ல எழுதிக்கோங்க சார்."

அவன் ஓங்கி அறைந்தான். அவள் நாற்காலியோடு கீழே சாய்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது. அதற்குமேல் அவனுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு தேவைப்படவில்லை. விழுந்தவளின் கட்டுப்போட்ட கையை உதைத்தான். இரண்டாவது முறை உதைத்தபோது அவள் அலறியது வெளியே சாலையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை. சாமிநாதன்தான் ஓடிவந்தார். வந்தவர் ரகுராமிடம் கேட்டது ஒன்றுதான்.

"பத்திரம் நெஜமாவே அவங்க பேர்லயா சார்?"

ரகுராம் மூச்சு வாங்க நின்றான்.

"அப்போ நீங்க மெம்பர் இல்ல. மெம்பர் இல்லாதவங்க கூட்டத்துல இருக்கக் கூடாது. தயவுசெஞ்சு வெளிய போங்க."

முனிராஜ் அவன் தோளைப் பிடித்து, "பன்னி சார்", வாங்க சார், என்று கன்னடத்தில் அழைத்தபடி வெளியே நடத்திப் போனார். கூட்டம் அவனை வெளியேற்றியதற்கான காரணம் விதிப்படி பதிவானது. அவன் அடித்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தாரணி அன்றே பூட்டை மாற்றினாள். சில நாள் கழித்து ரகுராம் குடித்துவிட்டு வந்து கேட்டை உதைத்தான். கல் எறிந்து காவல் கூண்டின் கண்ணாடியை நொறுக்கினான். கண்ணாடிச் சில்லு முனிராஜின் கன்னத்தில் கீறி ரத்தம் வந்தது. ஓனரம்மா சொல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது சங்கத்தின் உத்தரவு என்று சொல்லி அவர் திறக்க மறுத்துவிட்டார். அந்தச் சங்கம் தனக்குச் செய்த முதல் உபகாரத்தைத் தாரணி மேலே ஜன்னலில் நின்று பார்த்தாள்.

அடுத்த மாதம் தண்ணீர் லாரிக்காரன் தகராறு செய்தான். அவனைச் சமாளிக்கப் புதிய தலைவருக்குத் தெரியவில்லை. சாமிநாதன் தாரணியைத் தேடி வந்து, உரிமையாளர் சம்மதித்தால் கணவர் அவர் சார்பாகச் சங்கத்தில் இருக்கலாம் என்று விதியைத் திருத்திக்கொள்ள முடியும், ஒரு கையெழுத்துதானே என்றார். தாரணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாய்களில் தண்ணீர் வரவில்லை. வந்த ஒரே லாரிக்கு முன்னால் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். இடது கையில் பக்கெட்டோடு தாரணி வந்ததும் பேச்சு நின்றது. வீணாதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க தாரணி. அவர் இருந்தப்போ ஒரு நாள்கூட இப்படி ஆனதில்ல. நீங்க கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்."

தாரணி பக்கெட்டைத் தரையில் வைத்தாள்.

"ஒரு காலைக்குத் தண்ணி இல்லன்னு உங்களாலயே பொறுக்க முடியலையே வீணா."

வரிசை நகர்ந்தபோது அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தன் இடத்தை விடாமல் முன்னால் போனாள்.