கதவு பிடிக்கும் தொழில்

கணக்கு டீச்சருக்கு அந்த வருஷத்துச் சனி ஒரு பச்சை அட்டைப் புத்தகமாக வந்து சேர்ந்தது. ‘நாளைய தொழில்முனைவோர்’ என்று மேலே போட்டிருந்தது. கீழே கோட்டு மாட்டிய ஒரு சின்னப் பையன், ஊரையே விலைக்கு வாங்கப்போகிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். பிள்ளைகளுக்கு இந்த வயசிலேயே தொழில் நடத்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, ஏழாம் வகுப்பு, நீங்கள்தான் எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் கை கழுவிக்கொண்டார்.

ஏன் நான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அறிவியல் ஆசிரியருக்கு முதுகுவலி. ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற எட்டே மாதம். மற்றவர்களுக்கெல்லாம் வேலை நிரந்தரம், அசைக்க முடியாது. எந்த இழவு வேலை வந்தாலும் தற்காலிக ஆசிரியை தலையில்தான் கட்டுவார்கள். அவள் ஆறு வருஷமாகத் தற்காலிகம். விடுமுறை தொடங்கும் அன்று வீட்டுக்கு அனுப்புவார்கள். பள்ளி திறந்ததும் போனால் போகிறதென்று திரும்பக் கூப்பிடுவார்கள். நடுவில் சம்பளம் கிடையாது. அந்த நாட்களில் மாமியார் தினமும் ஒரு தடவையாவது “இந்த வாட்டியும் கூப்பிட்டுடுவாங்கல்லம்மா?” என்று கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்பார். அதனால்தான் இன்னும் எரியும்.

இந்த முறை தலைமையாசிரியர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். வருஷக் கடைசியில் இந்த வகுப்பைப் பார்க்க ஒரு குழு வரும்; நம் பள்ளி தேர்வானால் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லும் கோப்பில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே மேலே அனுப்புகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைப் புத்தகத்தைத் திறந்தாள்.

முதல் பாடம்: ‘உன்னைச் சுற்றியிருப்பவர்களின் பிரச்சினையைக் கண்டுபிடி. அதைத் தீர்த்துவை. அதுவே உன் தொழில்.’ படிக்க நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் காதில் அது எப்படி விழுந்ததோ, அடுத்த வாரமே அவளுக்கு மண்டை காய ஆரம்பித்தது.

ஒரு கூட்டம் மெழுகுவத்தி செய்தது. யாரோ ஒருத்தியின் சித்தி வீட்டில் அச்சு கிடந்ததாம், அதுதான் காரணம். எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டாள். கரண்ட் போகிற பிரச்சினை என்றார்கள். இங்கே கடைசியாக எப்போது கரண்ட் போனது என்று கேட்டாள். “போகும் மிஸ்,” என்றான் ஒருவன், ஆறுதல் சொல்வது போல. மிச்ச மெழுகை ஆய்வகத் தொட்டியில் ஊற்றி அடைத்தும் வைத்தார்கள். முதுகுவலி அறிவியல் ஆசிரியர் இரண்டு மாடி ஏறி வந்து அவளைத் திட்டிவிட்டுப் போனார். அதற்கு மட்டும் முதுகு ஒத்துழைத்தது.

இன்னொரு கூட்டம் பழைய விடைத்தாள்களில் பை ஒட்டியது. ஒருவன் வாங்கிய நூற்றுக்குப் பதினொன்று, பையின் முகப்பிலேயே சிவப்பு மையில் பளிச்சென்று இருந்தது. அவனுடைய அம்மா அதே பையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு போய், அன்று சாயங்காலம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் எதுவுமே செய்யாமல் இருந்தவள் புதுசு. பாதி வருஷத்தில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். வந்து ஐந்து மாதம் ஆகியும் புதுசுதான். பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள். உன் தொழில் எங்கே என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம், “நடந்துட்டிருக்கு மிஸ்,” என்பாள். என்ன நடக்கிறது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள்.

ஒருநாள் கணக்குப் பீரியடில் டீச்சர் ஒன்றைக் கவனித்தாள். பாத்ரூம் போக வேண்டுமென்று எழுந்த ஒருத்தி, நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டதும் புதுசும் எழுந்து கேட்டாள். இப்படியே மூன்று தடவை. நாலாவது தடவை டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். என்ன கள்ளத்தனம் செய்கிறார்களோ, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்றுதான் போனாள்.

பெண்பிள்ளைகளின் கழிவறை கட்டடத்துக்குப் பின்னால், மைதானத்துக்குப் போகும் வழியில் இருந்தது. மொத்தம் மூன்று. இரண்டில் தண்ணீர் வராது என்று பூட்டு போட்டிருந்தார்கள். மூன்றாவதற்குத் தகரக் கதவு. உள்ளே தாப்பாள் இல்லை. நிலை சாய்ந்துபோனதால் சும்மா சாத்திவைத்தால் கதவு தானாகவே வெளிப்பக்கம் பப்பரப்பே என்று திறந்துகொள்ளும். அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளையும் பின்னால் விட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி புதுசு நின்றிருந்தாள். பாவாடைப் பையில் மடித்த தாள்கள் புடைத்துக்கொண்டிருந்தன.

“இங்க என்ன பண்றே?”

“தொழில் மிஸ்,” என்றாள் புதுசு. கதவை விடவில்லை.

உள்ளே இருந்தவள் வெளியே வந்து, டீச்சரைப் பார்த்து வெலவெலத்து ஓடிய பிறகுதான் புதுசு விவரம் சொன்னாள். சிநேகிதி இருக்கிறவர்களுக்குச் சிநேகிதி பிடிப்பாள். அந்தச் சிநேகிதியோடு சண்டை போட்டவர்களுக்கு யாரும் இல்லை. அவள் அன்றைக்கு வராவிட்டாலும் யாரும் இல்லை. சிலபேர் பிடிக்கிறேன் என்று வந்து வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். புதுசு விட மாட்டாள், சிரிக்க மாட்டாள், யாரிடமும் சொல்ல மாட்டாள். ஒரு தடவைக்கு ஒரு தாள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குட்டிகளுக்கு இலவசம். சுற்றியிருக்கிறவர்களின் பிரச்சினை என்று நீங்கள்தானே மிஸ் சொன்னீர்கள் என்று முடித்தாள்.

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டாள். “நீ போகணும்னா யார் பிடிப்பா?”

“நான் போறதில்ல மிஸ்.”

“போறதில்லன்னா?”

“காலையிலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்த்தான்.”

வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஆசிரியைகளின் கழிவறையில் தாப்பாள் உண்டு, விளக்கு உண்டு, கண்ணாடிகூட உண்டு. ஆறு வருஷத்தில் டீச்சர் ஒருநாளும் இந்தக் கதவைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெட்கமே கோபமாகி, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய் விட்டது.

அவர் பொறுமையாகத்தான் பேசினார். இரண்டு வருஷத்தில் நாலு கடிதம் எழுதியாயிற்று, எல்லாம் கிணற்றில் போட்ட கல். பழுது பார்க்கும் வேலை மேலிருந்துதான் வர வேண்டும், நாமாக ஆணி அடித்தால்கூடத் தணிக்கையில் கேள்வி வரும். “குழு வர்ற நேரத்துல இதையெல்லாம் கிளறாதீங்க டீச்சர். அந்தப் பொண்ணை மெழுகுவத்தியில சேத்து விட்டுடுங்க,” என்றார். டீச்சர் சேர்த்துவிட்டாள். நிரந்தரம் என்ற சொல் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வது? தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழு வந்தது. இரண்டு ஆண்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மேடம். பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். மேடம் இரண்டு முறை கொட்டாவியை விழுங்கினார். மூன்றாவது முறை எழுந்து வந்து டீச்சரிடம் காதோடு காதாகக் கழிவறை எங்கே என்று கேட்டார். ஆசிரியைகளின் கழிவறைச் சாவியை எழுத்தர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தபால் நிலையம் போயிருந்தார். வேறு வழி இல்லை, பின்னால் இருக்கும் பிள்ளைகளின் கழிவறைதான். டீச்சர் கூடப் போகக் கிளம்பினாள். மற்ற இருவருக்கும் விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்று தலைமையாசிரியர் அவளை நிறுத்திக்கொண்டார். மெழுகுவத்திக் கூட்டத்தின் பின்வரிசையில் புதுசின் இடம் காலியாக இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஆறு வருஷமும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் மேடம் புதுசின் தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வாயெல்லாம் பல். கையிலிருந்த கோப்பில் ஒரு தாள் கிழிபட்டிருந்தது.

இத்தனை பள்ளிகளுக்குப் போனேன், மெழுகுவத்தி, பை, பை, மெழுகுவத்தி, இதுதான் உண்மையான தொழில் என்றார். பிரச்சினையைக் கண்டுபிடித்திருக்கிறாள், வாடிக்கையாளர் யார் என்று பிரித்திருக்கிறாள், விலை வைத்திருக்கிறாள் என்று விரல் விட்டு எண்ணினார். இரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள். இதை மற்ற பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாமே என்றார் ஒருவர். கதவு பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தொப்பி கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். யாராவது ஒருவர் கேட்பார், யாராவது ஒருவர் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று டீச்சர் காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

“மேடம், அந்தக் கதவுக்கு ஒரு தாப்பாள்…” என்று அவளே ஆரம்பித்தாள்.

“அதேதான் டீச்சர். தாப்பாள் இல்லாத குறையையே வாய்ப்பா மாத்தியிருக்கா பாருங்க,” என்றார் மேடம்.

பள்ளி தேர்வானது. தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கட்டப் போட்டிக்காக வியாழக்கிழமை காலை புதுசைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். தேர்வான அன்றைக்கே என்று சொன்ன கையெழுத்து, இப்போது படப்பிடிப்பு முடிந்த கையோடு என்று ஆனது. அதற்கப்புறம் தாப்பாள் போடலாமா சார் என்று கேட்டாள். அவர் யோசித்தார். போட்டி முடிவு வர மூன்று மாதமாகும், அதுவரை எதையும் தொட வேண்டாம். “கதவு தானா திறந்தாத்தானே டீச்சர் பிரச்சினை என்னன்னு படத்துல தெரியும்?” என்றார். மறுநாளே அந்தத் தகரக் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்து, நடுவில் ஒரு பூவும் வரைந்துவிட்டார்கள். தாப்பாளுக்கு இரண்டு வருஷமாக வராத அனுமதி பூவுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

வீட்டில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். ஒரு தாப்பாள், நாலு ஸ்க்ரூ, இதற்கு இத்தனை பேரா என்று கேட்டுவிட்டு, தகரத்துக்கு எந்த ஸ்க்ரூ பிடிக்கும் என்று எடுத்துக் காட்டினான். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். “வேலை கைக்கு வர்ற நேரம். வாயைக் குடுத்து மாட்டிக்காதம்மா,” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. டீச்சருக்குத் தாங்க முடியாத எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே அவள் கழிவறைக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டுப் பையில் புருஷனின் டிரில் இருந்தது. நிலை சாய்ந்திருந்ததால் தாப்பாள் கம்பி துளைக்கு நேராக வரவில்லை. ஒரு தடவை கழற்றிக் கீழே இறக்கிப் போட வேண்டியிருந்தது. நீலப் பூவின் நடுவில் ஒரு ஸ்க்ரூ முனை எட்டிப் பார்த்தது. கடைசி ஸ்க்ரூவை இறுக்கும்போது பின்னால் புதுசு நின்றிருந்தாள். படத்துக்காக இரட்டைப் பின்னலும் புது ரிப்பனுமாக வந்திருந்தாள்.

“உன் தொழில் இன்னையோட முடிஞ்சுது,” என்றாள் டீச்சர். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

புதுசு அழவில்லை. கம்பியை நகர்த்தினாள், திரும்ப இழுத்தாள், இன்னொரு தடவை நகர்த்தினாள். “நான் படத்துல கதவு பிடிச்சாத்தான் நீங்க நிரந்தரமாவீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்களே மிஸ்,” என்றாள்.

“அதை நான் பாத்துக்கறேன்.”

“அப்ப நான் போய்ட்டு வரட்டுமா மிஸ்?”

உள்ளே போனாள். கம்பி துளையில் விழும் சத்தம் கேட்டது. டீச்சர் தன்னை அறியாமல் கதவில் முதுகைச் சாய்த்தாள். பிறகு சட்டென்று நினைவு வந்து தள்ளி நின்றாள். கதவு அசையாமல் சாத்தியே இருந்தது.

தலைமையாசிரியர் கேமராக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அப்போது வந்து சேர்ந்தார். டிரில்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முகம் கறுத்தது. ஆட்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“நாலு ஸ்க்ரூ தானே டீச்சர். கழட்டிடுங்க. அரை மணி நேர வேலை. முடிஞ்சதும் நீங்களே திரும்பப் போட்டுக்கங்க, நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன். கோப்பு மேஜை மேல இருக்கு.”

நியாயமாகத்தான் கேட்கிறார், அதுதான் கொடுமை. அரை மணி நேரம். ஆறு வருஷம். திரும்ப ஒரு விடுமுறை, திரும்ப மாமியாரின் கேள்வி. டிரில் கையில்தான் இருந்தது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் விழுந்தது. உள்ளே இருந்தவளுக்கு ஒரு அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை.

“உள்ள ஆள் இருக்கு சார்,” என்றாள் டீச்சர்.

“வரச் சொல்லுங்க.”

“அவளா வரட்டும் சார். வந்தாலும் நான் கழட்ட மாட்டேன்.”

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார் அவர். தெரியும் சார் என்றாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் அவளுக்குக் கோபமாக இருந்தது. அவர் மரத்தடிக்குப் போய், கேமராவை மூட்டை கட்டச் சொன்னார். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு வந்து கதவுக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தி டீச்சரிடம், கதவை யார் பிடிப்பார்கள் என்று கேட்டாள். இனிமேல் யாரும் பிடிக்க வேண்டாம், உள்ளே தாப்பாள் இருக்கிறது என்று டீச்சர் சொன்னாள். அந்தக் குட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. புதுசு வெளியே வர இன்னும் வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.