எழும்பும் கை

அசில்பெக் பேஸ் கிட்டாரை யாரிடமும் கற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொமுஸ் என்னும் கிர்கிஸ் தந்திவாத்தியம் மீட்டிய வீட்டில் பிறந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருவன் முன்னால் மாணவனாக உட்காருவதா? பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானே பழகினார். முதல் ஆண்டு விரல்கள் நன்றாக ஓடின. அதன்பின் அப்படியே நின்றுவிட்டன. வேகமான பாட்டில் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் அவருடைய சுரம் மயிரிழை பிந்தியே விழுந்தது. சாதகத்தைக் கூட்டினார், பிந்துவதுதான் இன்னும் உறுதிப்பட்டது.

இதற்கிடையில், அக்கா சய்ராவின் மகள் கல்யாணத்தில் இசைக்குழுவோடு தானே வாசிப்பதாக உறவினர் நடுவே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை அந்த வீட்டில் யாரும் திரும்ப வாங்கியதில்லை.

நாரின் நகரில் ஒத்திகை நடந்தது. டிரம்ஸ் வாசிக்கும் ரினாத் பாதியில் குச்சிகளை மடியில் போட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வலது கை எங்க போகுது?"

"எங்கடா போகுது?"

"மேல. கொக்கு பறக்குற மாதிரி போயிட்டு வருது. அது எறங்குறதுக்குள்ள நாங்க அடுத்த ஊருக்கே போயிடறோம்."

குழுவினர் சிரித்தார்கள். அசில்பெக்கின் முகம் சுட்டது. கொமுஸ் மீட்டுபவர்கள் கையை வீசி உயர்த்தி, காற்றில் சுழற்றி, மறுபடி தந்தியில் இறக்குவார்கள். சபை சொக்குவது அதில்தான். அப்பாவின் கையை நாரின் பள்ளத்தாக்கே அறியும். அந்த வீச்சு தன் தோளிலும் வந்து உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்ததே இல்லை.

"அது எங்க பரம்பரைக்கு உள்ளது," என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும்ணே. கல்யாணத்தன்னிக்கு மட்டும் கீழ இருக்கட்டும். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

அன்றிலிருந்து மணிக்கட்டைத் துணியால் கிட்டாரோடு கட்டிக்கொண்டு பழகினார். ஒரு காலையில் சுரம் தட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் கட்டுண்டு கிடந்த கை வேறு யாருடையதோ போலிருந்தது.

கல்யாணத்தில் கட்டு தேவைப்படவில்லை. கை அடங்கிக் கிடந்தது. முதல் பாட்டு பிசகாமல் போயிற்று. ரினாத் தலையசைத்துச் சிரித்தான். முன்வரிசையில் மட்டும் முணுமுணுப்பு.

"அசில்பெக்குக்கு என்னாச்சு? கை எழும்பவே மாட்டேங்குதே!"

"வாதம் அடிச்சிருக்கும் போல. பாவம், அவங்கப்பா எப்பிடி வாசிப்பாரு!"

சய்ரா மேடை ஓரம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "தம்பி, சம்பந்திக்காரங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்கடா. முடியலன்னா எறங்கி வந்துடு. வீட்டு மானத்த வாங்காத."

அவர் இறங்கவில்லை. இரண்டாம் பாட்டு தொடங்கியதும் கையை எழுப்பினார், அப்பா எழுப்புவதைவிட உயரமாக. கூட்டம் ஆரவாரித்தது. சுரம் பிந்தியது. மறுசுற்றில் இன்னும் பிந்தியது. ரினாத் பல்லைக் கடித்துக்கொண்டு ஒலிக்காரனுக்குச் சைகை காட்டினான்.

காலடியில் இருந்த ஒலிபெருக்கியின் அதிர்வு நின்றது. தன் சத்தத்தை அணைத்துவிட்டார்கள் என்று அசில்பெக்குக்கு உடனே தெரிந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஊமையான தந்திகளின் மேல் கையைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

பாட்டு முடிந்ததும் சம்பந்தி எழுந்து, "இன்னொண்ணு வாசிங்க!" என்று கூவினார்.

ரினாத் அசில்பெக் பக்கம் திரும்பாமலே தாளத்தை எண்ணத் தொடங்கினான்.