எண்பது தப்படிக்கு ஒரு மருந்து

என் வீட்டுக்காரர் சகாயராஜுக்குக் கோபம் வந்தால் வீடு தாங்கும். யோசனை வந்தால்தான் தாங்காது.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதையும் கஜா புயல் சாய்த்துப் போட்டது. அதன்பின் இரண்டு தடவை கன்று வைத்தோம். இரண்டு தடவையும் காட்டுப்பன்றிகள் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டன. மூன்றாவதாக நூற்றிருபது கன்று வைத்தபோது, "இதுவும் போச்சுன்னா தோப்பை வித்துட்டுத் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவேன், இருதயம்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷன்.

மாமனார் காலத்துப் பயிர்க்காவல் துப்பாக்கி ஒன்று, லைசென்ஸோடு வீட்டில் இருந்தது. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு இடிக்கிற பழைய சாமான். பன்றியைக் கொன்றால் ஜெயில், விரட்டத்தான் அனுமதி. ஆனால் எங்கள் பன்றிகள் மாதா தேர் வெடியையே கேட்டு வளர்ந்தவை, வெறும் சத்தத்துக்குக் காதைக்கூட ஆட்டாது. மூக்குக்கு முன்னால் மண் தெறித்தால்தான் ஓடும். எண்பது தப்படியைவிடக் கிட்டே நெருங்கினால் மோப்பம் பிடித்துப் புதருக்குள் பதுங்கி, நாம் திரும்பியதும் வந்துவிடும். ஆகவே எண்பது தப்படியில், பன்றிமேல் படாமல், நினைத்த இடத்தில் குண்டு விழ வேண்டும்.

மூன்று மாதம் அதே வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் பனைமட்டையை நட்டு வைத்துச் சுடுவார். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே தென்னை நாரைத் திரித்து அடைப்பார். நார் தளர்ந்தால் குண்டு பாதியில் விழும். இறுகினால் எங்கோ போகும். ஒரு சிட்டிகை கூட்டுவார், குறைப்பார், நோட்டில் எழுதுவார்.

"ஒரு நாளாச்சும் குழம்புக்கு உப்பு இப்படி அளந்து போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். இன்னொரு சிட்டிகை மருந்தைக் குறைத்தார்.

தவக்காலத்து நாலாம் ஞாயிறு ஓடி வந்தார். "அஞ்சு குண்டும் ஒரு சாணுக்குள்ள, இருதயம்!" கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படிச் சிரிப்பைப் பார்த்ததில்லை. புதன்கிழமை ஒரே ஒரு வெடி. பன்றிக் கூட்டமே வாய்க்கால் தாண்டி ஓடியது.

சனிக்கிழமை தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஓட்டு எண்ணி முடிக்கும்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

"மனு எழுதிப் பாக்குறேன். விலக்கு உண்டாம்" என்றார்.

"போலீஸ் வாசலுக்கு வந்து கேட்டா ஊரு என்ன பேசும்? மொதல்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

என் பேச்சைக் கேட்டுப் போனார். ஊரிலேயே முதல் ரசீது எங்களுடையது. மனுப் போட்ட பக்கத்துத் தோப்பு ரெத்தினத்தின் துப்பாக்கி அவர் வீட்டிலேயே இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் பன்றிகள் வந்தன. தகரம் தட்டினோம், தீ மூட்டினோம். ஓட்டு எண்ணும்போது ஒரு கன்றுகூட மிச்சமில்லை. யாரால் போனது என்று எனக்குத் தெரியும். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூனில் துப்பாக்கியைத் திரும்பக் கேட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கும் தவணையும் அப்போதுதான் வந்திருந்தது. பயிர் இருப்பதாக வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டும் என்றார்கள். வி.ஏ.ஓ. பூர்ணிமா நல்ல பெண். தோப்பு முழுவதும் நடந்து, குழி குழியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. நிலத்துல பயிரே இல்லையே. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேணும்னு நான் எப்படி எழுதுறது?"

"நியாயந்தாம்மா" என்றார் அவர். "வாட்ச்மேன் வேலைக்குப் போறதுக்கு ஏதாச்சும் சர்டிபிகேட் வேணுமா? அதை எழுதிக் குடுங்க."